நள்ளிரவுத் தொலைபேசி

1972-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் இரு பெண்களின் இல்லங்களில் வேளை கெட்ட வேளையில் தொலைபேசி ஒலித்த வண்ணம் இருந்தது. நகர மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து செவிலியர் ஒருவர் அழைப்பார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதே செய்தி. நள்ளிரவாயினும் விடியற்காலையாயினும் அவர்கள் எழுந்து புறப்பட்டுச் சென்று அப்பெண்ணின் அருகில் அமர்ந்தனர். இத்தகைய கொடுமைக்கு ஆளானோரின் மனக்காயத்தைக் கண்டறிய இன்று உலகெங்கும் கேள்வித்தாள்கள் வழங்குகின்றன. அவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேறு எங்கேனும் தொடங்கலாம். நாம் அந்தத் தொலைபேசி மணியிலிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

அவ்விருவருள் ஒருவர் ஆன் வோல்பர்ட் பர்ஜஸ். மனநலச் செவிலியத்தில் பேராசிரியை. மற்றவர் லிண்டா லைட்டில் ஹோம்ஸ்ட்ராம்; சமூகவியலார். இருவரும் இயேசு சபையார் நிறுவிய பாஸ்டன் கல்லூரியில் கற்பித்து வந்தவர்கள். அவர்கள் சென்ற மருத்துவமனையோ ஏழை எளியோர் நாடி வரும் நகராட்சி மருத்துவமனை. அந்நாளில் இத்தகைய கொடுமைக்கு ஆளான பெண்ணை மருத்துவர் பரிசோதிப்பார். காயம் இருந்தால் மருந்திடுவார். வழக்குக்கு வேண்டிய தடயங்களை எடுத்து வைப்பார். பின்னர்க் காவலர் கேள்வி கேட்பர். அதன்பின் அவள் வீடு திரும்ப வேண்டியதுதான். அவள் உள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது எவருடைய பணியாகவும் இருந்ததில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இவர்கள் சென்றனர். அவள் சொன்னதை எழுதிக்கொண்டனர். அதன்பின்னும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தொலைபேசி வழியாகவும் இல்லத்துக்கே சென்றும் அவளது நலத்தை விசாரித்தனர். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது கூடவே சென்றனர்.

ஓராண்டில் அவர்கள் சந்தித்தோர் 146 பேர். அவர்களுள் பலவந்தத்துக்கு ஆளான வயது வந்த பெண்கள் 92 பேர். மிக இளையவளுக்கு வயது 17. மிக மூத்தவருக்கு வயது 73. இந்த 73 என்னும் எண்ணில் நாம் சற்றே நிற்க வேண்டும். அழகும் இளமையும் ஆடையும்தான் இக்கொடுமைக்குக் காரணம் என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வோர் எந்நாட்டிலும் உளர். அவர்களுக்கு இந்த எண் போதிய விடை.

1974-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, தாம் கண்டதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. அதில் இரண்டு செய்திகள் அக்கால அறிஞர்களைத் திகைக்க வைத்திருக்க வேண்டும். இத்தகைய பெண்ணை முதலில் வாட்டுவது நாணமே என்று பலரும் எண்ணியிருந்தனர். அப்பெண்கள் சொன்னதோ வேறு. நாணமும் சினமும் தன்னையே நொந்துகொள்ளும் எண்ணமும் இருந்தன. ஆயினும் அனைத்திலும் மேலோங்கி நின்றது உயிரச்சம். ‘நான் சாகப் போகிறேன்’ என்னும் அச்சம். ஊராருக்கு அது மானம் பற்றிய நிகழ்ச்சியாகத் தோன்றலாம். அவளுக்கோ அது சாவின் வாயில்வரை சென்று மீண்ட நிகழ்ச்சி.

மற்றொன்று, அவர்கள் கண்ட இருவகை நடத்தை. வந்த பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அழுதனர், விம்மினர், நடுங்கினர், சிலர் பதற்றத்தில் சிரிக்கவும் செய்தனர். மற்றப் பாதிப்பேர் அமைதியாக இருந்தனர். கேட்டதற்கு விடை சொன்னார்கள்; முகத்தில் சலனம் இல்லை; பேச்சில் தடுமாற்றமும் இல்லை. அந்த அமைதி காயமின்மைக்கு அடையாளம் அன்று என்பதை அடுத்து வந்த வாரங்கள் காட்டின. அமைதியாக இருந்தவளும் இரவில் அலறி எழுந்தாள். தனியே இருக்க அஞ்சினாள். பின்னால் காலடி ஓசை கேட்டால் உறைந்து நின்றாள். இந்த 92 பேரில் 44 பேர் சிறிது காலத்துக்குள் குடியிருந்த வீட்டையே மாற்றிக்கொண்டனர். தொலைபேசி எண்ணை மாற்றியவர்களும் உண்டு.

இன்னொரு செய்தியும் அக்கட்டுரையில் உண்டு. அதுவே நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. புதிதாக நேர்ந்த கொடுமையைப் பற்றிப் பேசத் தொடங்கிய சில பெண்கள், பல ஆண்டுகளுக்கு முன் சிறு வயதில் நேர்ந்த வேறொன்றையும் சொன்னார்கள். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. பழைய ஏற்பாட்டில் தாமாரை அவளுடைய சகோதரன் அப்சலோம் பேசாதிருக்கச் சொன்னான். அவள் அவன் வீட்டில் துயருற்றுத் தங்கினாள். அவன் தீர்த்த வஞ்சத்தைச் சாமுவேல் நூல் விரிவாகச் சொல்கிறது. அவளைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அத்தகைய மௌனத்தையே இவர்கள் பாஸ்டனில் கண்டனர். சொல்லாத பெண்ணை மருத்துவர் எப்படி இனங்காண்பது? பேச்சினிடையே நீண்ட மௌனம், சிறு திக்கல், திடீரெனத் தோன்றிய தனிமை அச்சம், தன்மேல் நம்பிக்கை இழத்தல், தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்ளுதல், வன்முறைக் கனவுகள் ஆகியவற்றைக் கண்டால் பழைய காயம் ஒன்று உண்டோ என எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் எழுதினர். பிற்காலக் கேள்வித்தாள்களின் விதையை இச்சிறு பட்டியலில் காணலாம்.

இதற்கு முன் எவரும் கேட்டதே இல்லையா என்னும் ஐயம் எழலாம். கேட்டவர் உண்டு. 1896-இல் வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு, ‘ஹிஸ்டீரியா’ எனப்பட்ட நோயால் துன்புற்றோரின் இளமையில் பாலியல் கொடுமை மறைந்து கிடப்பதாக மருத்துவர் கூட்டத்தில் கூறினார். மறு ஆண்டே அக்கருத்தைக் கைவிடத் தொடங்கினார். அவர் ஏன் பின்வாங்கினார் என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு; நாம் அதில் புக வேண்டியதில்லை. பேசிய பெண்களின் சொல் கற்பனையாக எண்ணப்படுவதற்கு அது வழி வகுத்தது என்பது மட்டும் உண்மை.

பாஸ்டன் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டுகளில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் வேறொரு வாயிலைத் தட்டிக்கொண்டிருந்தனர். போர் முடிந்தும் அவர்களுக்குள் போர் ஓயவில்லை. உறக்கமில்லை, கெட்ட கனவுகள், வெடியோசை கேட்டால் தரையில் விழுந்து பதுங்குதல். அவர்களுக்காக வாதிட்ட மருத்துவர்களின் முயற்சியாலும், பெண்கள், பேரிடரில் தப்பியோர் ஆகியோரைப் பற்றிய ஆய்வுகளாலும், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் புதிய பெயரொன்றைச் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன உளைச்சல் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் முதலியோர் போர்க்காலத்தில் வழங்கிய ‘மனவடு’ என்னும் தமிழ்ச்சொல்லையே நாமும் இனிக் கையாளுவோம். காயம் ஆறிய பின்னும் வடு இருக்கும். தொட்டால் வலிக்கவும் கூடும்.

அக்கையேட்டில் மனவடுவுக்குக் காரணமாகும் நிகழ்ச்சி, மனிதர்க்கு வழக்கமாக நேரும் அனுபவங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டுகளுள் பாலியல் வன்முறையும் இடம்பெற்றது. ஜூடித் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1992-இல் வெளியிட்ட நூலில் இதன் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். இக்கொடுமை அத்துணை அரிதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது பெண்கள் வாழ்வில் அன்றாடம் நேர்வதாயிற்றே! 1994-இல் வந்த அடுத்த பதிப்பில் அவ்வரி நீக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பாலியல் வன்முறை என்னும் சொல்லே காரணங்களின் வரையறைக்குள் நேராக எழுதப்பட்டது. படைவீரர்களை முன்னிறுத்தி வெட்டப்பட்ட ஆடை, பெண்களுக்கு ஏற்பத் தைக்கப்பட முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று எனலாம். இத்தனைக்கும் 1995-இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்று, தம் வாழ்வின் மிகக் கொடிய நிகழ்ச்சியாகப் போரைச் சொன்ன ஆண்களில் நூற்றுக்கு 39 பேருக்கும், பலவந்தத்தைச் சொன்ன பெண்களில் நூற்றுக்கு 46 பேருக்கும் மனவடு நோய் வந்திருந்ததைக் காட்டியது. பலவந்தத்தைச் சொன்ன ஆண்களில் அது நூற்றுக்கு 65. ஆண்களுக்கும் இது நேர்கிறது என்பதை நாம் பேசாமல் விட்டுவிடுவதுண்டு. அவர்களுடைய மௌனம் இன்னும் ஆழமானது.

நோய்க்குப் பெயர் கிடைத்த பின் கேள்வித்தாள்கள் பெருகின. மார்டி ஹாரோவிட்ஸ் குழுவினர் 1979-இல் 15 வினாக்களில் ஓர் அளவுகோலை அமைத்தனர். பலவந்தத்துக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த எட்னா போவா என்பாரும் துணைவரும் 1993-இல் 17 வினாக்கள் கொண்ட ஒன்றை வெளியிட்டனர். 2003-இல் அமெரிக்கப் படைவீரர் நலத்துறையினர் நான்கே வினாக்களில் ஒன்றைச் சுருக்கித் தந்தனர். இவ்வாறு தேடிக் கேட்பதை மருத்துவர் ‘ஸ்கிரீனிங்’ என்பர். சல்லடையில் சலிப்பதைப் போன்றது அது. சல்லடையில் தங்கியதெல்லாம் நோயன்று. கீழே விழுந்ததெல்லாம் நலமும் அன்று. தங்கியவரை ஒரு மருத்துவர் பொறுமையாக அமர்ந்து மீண்டும் கேட்க வேண்டும், அதற்காகவே சலிக்கிறோம்.

எப்போது சலிப்பது என்பது எளிய கேள்வியன்று. 1992-இல் ராத்பாம், போவா முதலியோர் வெளியிட்ட ஆய்வு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. கொடுமைக்கு ஆளான பெண்களை அவர்கள் பன்னிரண்டு வாரங்கள், வாரந்தோறும் சந்தித்தனர். ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாளில் நூற்றுக்கு 94 பேரிடம் மனவடு எனக் கொள்ளப் போதிய அறிகுறிகள் இருந்தன. மூன்று மாத முடிவில் அது நூற்றுக்கு 47 ஆகக் குறைந்தது. முதல் இரு வாரங்களில் கேள்வித்தாளை நீட்டினால் ஏறக்குறைய எல்லோருமே நோயாளர் ஆவர். அது நோயன்று, அடிபட்ட உள்ளம் படும் பாடு. மூன்று மாதம் கழித்தும் ஆறாதவரைக் கண்டுபிடிக்கவே தேர்வு வேண்டும். 2013-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையொட்டியே அமைந்தன. முதல் மூன்று மாதங்களில் ஆதரவாக இருந்து கவனித்து வருக. நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தாதீர். கடுந்துயரில் இருப்போரைக் காத்திருக்க வையாமல் உடனே உரிய சிகிச்சைக்கு அனுப்புக என்பது அவற்றின் சாரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தால் நெஞ்சு இலேசாகிவிடும் என்று நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு நம்புகிறோம். துயருற்றவளைச் சுற்றி அமர்ந்து ‘சொல்லிவிடு, சொல்லிவிடு’ என்று நெருக்குவதில் நன்மையைவிடத் தீமையே நேரலாம்.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். பர்ஜஸும் ஹோம்ஸ்ட்ராமும் எழுதிய அறிகுறிகள் வழக்கறிஞர் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. இப்பெண்ணிடம் இவ்வறிகுறிகள் உள்ளன, ஆகவே கொடுமை நடந்தது உண்மை என்று ஒரு தரப்பார் வாதிடலாயினர். கேட்பதற்கு இது பெண்ணுக்குச் சாதகமாகவே தோன்றும். ஆனால் இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். அறிகுறி இருந்தால் உண்மை என்றால், அறிகுறி இல்லாதவள் சொல்வது பொய் என்று ஆகிவிடாதா? அழுதவளை நம்பி அழாதவளை ஐயுறும் பழைய வழக்கம், இப்போது அறிவியலின் அங்கியை அணிந்து வரும். 1984-இல் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் பிளெட்சோ வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. இவ்வறிகுறிகள் துன்புற்றவரைத் தேற்றுவதற்காகத் தொகுக்கப்பட்டவை. நடந்தது எது என்று துப்பறிவதற்காக அல்ல. ஆகவே குற்றம் நடந்ததற்கு இவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் கருத்து. அவள் ஏன் உடனே முறையிடவில்லை, ஏன் அமைதியாக இருந்தாள் என்பன போன்ற தவறான எண்ணங்களை அகற்ற இவ்வறிவைப் பயன்படுத்தலாம் என்றும் அது கூறியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு, பேசாப் பெண்ணுக்கும் பாதுகாப்பு. நாம் படித்த தீர்ப்புகளுள் இதனைச் சிறந்த ஒன்றாகக் கருதுகிறோம்.

‘ஏன் கூச்சலிடவில்லை?’ என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் தவறாமல் எழும் கேள்வி. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் இத்தகைய பெண்களுக்கென்றே அமைந்த அவசரச் சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களைப் பற்றி 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 70 பேர், தாக்குதலின்போது கைகால் அசையாமல் குரலும் எழாமல் உறைந்துபோன நிலையைக் குறிப்பிடத்தக்க அளவில் அடைந்திருந்தனர். பருந்தின் காலில் சிக்கிய கோழிக்குஞ்சு அசையாதிருப்பதை நாம் கண்டதில்லையா? அவ்வாறு உறைந்துபோனவர்களிடமே ஆறு மாதங்களுக்குப் பின் மனவடு மிகுதியாகக் காணப்பட்டது. கூச்சலிடாமையை இசைவாகக் கருதும் ஊர், மிக ஆழமாகக் காயமுற்றவளையே குற்றவாளியாக்குகிறது. நம் நாட்டிலும் மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட நெறிமுறைகள், உடலில் காயம் இல்லாமையை இசைவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தின.

கேள்வித்தாள் எம்மொழியில் இருக்கிறது என்பதும் சிறிய செய்தியன்று. போல்பாட் ஆட்சிக்குத் தப்பிப் பாஸ்டனில் அடைக்கலம் புகுந்த கம்போடிய மக்களிடையே பணியாற்றிய ரிச்சர்ட் மோலிக்கா என்னும் மருத்துவர், ஆங்கில வினாக்களை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது எனக் கண்டார். அவர் குழுவினர் 1992-இல் வெளியிட்ட கேள்வித்தாளில், மருத்துவக் கையேட்டின் அறிகுறிகளோடு, அகதிகளின் வாழ்விலிருந்தும் வழக்கிலிருந்தும் எடுத்த வினாக்களும் இடம்பெற்றன. காங்கோ நாட்டின் தென்கிவு மாநிலத்திலும் இதே வழி பின்பற்றப்பட்டது. அங்குப் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் முதலில் உரையாடி, அவர்கள் தம் துன்பத்தை எச்சொற்களால் சொல்கிறார்கள் என்று அறிந்து, அதன்படி கேள்வித்தாளைத் திருத்தியமைத்தனர். பெண்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே குழுச்சிகிச்சையின் பாடங்களை மனப்பாடமாக நினைவில் கொள்ளத்தக்கவாறு சுருக்கினர். 405 பெண்கள் பங்குபெற்ற அம்முயற்சியின் முடிவு 2013-இல் வெளிவந்தது. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குழுச்சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேரிடமே மனச்சோர்வோ கடும் அச்சமோ இருப்பதாகத் தெரிந்தது. தனித்தனியே ஆதரவு மட்டும் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 42. மனநல மருத்துவர் அரிதாக உள்ள, போர் ஓயாத கிராமங்களில் இது நடந்தது. கேட்ட பின் கொடுப்பதற்கு ஏதேனும் கையில் இருக்க வேண்டும் என்பதை இம்முடிவு நினைவூட்டுகிறது. சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் வினாத்தாளை மட்டும் நீட்டுவது, காயத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மருந்திடாமல் போவதற்கு ஒப்பாகும்.

பாஸ்டன் பெண்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று? நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கழித்து அவ்விருவரும் அவர்களை மீண்டும் தேடிச் சென்றனர். 92 பேரில் 81 பேரைச் சந்திக்க முடிந்தது. சில மாதங்களில் நலம் பெற்றதாகச் சொன்னவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். ஆண்டுகள் பிடித்தன என்றவரும் ஏறத்தாழ அத்தனை பேர். இன்னும் ஆறவில்லை என்றவர் நான்கில் ஒரு பங்கினர். அந்த மருத்துவமனை 1996-இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டுப் பெயரும் மாறிவிட்டது.

கேள்வித்தாளின் ஒரு வினாவைப் பற்றி மட்டும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980-ஆம் ஆண்டுக் கையேட்டின் அறிகுறிகளுள் குற்றவுணர்வும் ஒன்று. தோழர்கள் மடிந்திருக்கத் தான் மட்டும் பிழைத்திருப்பது பற்றியும், பிழைப்பதற்காகச் செய்ய நேர்ந்தவை பற்றியும் எழும் குற்றவுணர்வு அது. போர்முனையின் சாயல் அதில் தெரியும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ‘என்னால்தான் நேர்ந்தது, நான் அந்த வழியே போயிருக்கக் கூடாது’ என்று தன்னையே நோகும் பெண்ணின் குரலுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது 2013-இல். அதையொட்டி, படைவீரர் நலத்துறையினரின் நான்கு வினாத் தாளும் திருத்தப்பட்டு, 2016-இல் ஐந்தாவது வினாவோடு வெளிவந்தது. நடந்ததற்காக உங்களையோ பிறரையோ குற்றஞ்சாட்டுவதை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா என்பது அவ்வினாவின் கருத்து. தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொள்ளுதல் என்னும் சொல்லை, அவசரச் சிகிச்சைப் பிரிவில் கேட்டதிலிருந்து அவ்விரு பெண்கள் 1974-இலேயே தம் பட்டியலில் எழுதி வைத்திருந்தனர்.